சீண்டல்காரி ரஹ்மத் பீவி

கொடைக்கானல் பஜாரில் ரஹ்மத் பீவியிடம் பழம் வாங்கிவிட்டு, முகம் சிவக்காமல் வீடு திரும்பியவர் யாராவது இருந்தால் என்னிடம் வந்து சொல்லட்டும். நான் நம்ப மாட்டேன். பதினெட்டு வருஷமாக அந்த அம்மாவிடம் பழம் வாங்குகிறேன். ஒரு நாள் கூட நிம்மதியாக வாங்கியது கிடையாது. வீட்டில் விசாலாட்சி, "அப்படியென்ன வேண்டுதலா, வேற கடையில வாங்குங்களேன்" என்பாள். வேறு கடைப் பழம் எனக்குச் சப்பென்று இருக்கிறது, என்ன செய்ய?

பீவியம்மா பிறந்தது பெரியகுளம். பதினாறு வயதில் நிக்காஹ் முடிந்து, அடுக்கம் வழியாக நடந்தே மலையேறி வந்தவர். மாமனார் முத்து முகம்மது ராவுத்தர் வழி நெடுகத் தம் மலையின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். பாதி ஏற்றத்தில் புது மருமகள் மூச்சு வாங்க நின்று, "எல்லாஞ் சரிதான் மாமா, இதைக் கொஞ்சம் கீழ வச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டாராம். மனுஷர் மூன்று நாள் மருமகளோடு பேசவில்லை. நாலாம் நாள், "என்ன மாமா, பேசுற சோலியைப் பாதி மலையிலேயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றதும், பொறுக்க முடியாமல் பேசிவிட்டாராம். அன்றைக்கு ஆரம்பித்தது அந்த வாய்.

புருஷர் சாகுல் ஹமீது, பெருமாள்மலையிலிருந்து மலைவாழைத் தார் ஏற்றி வந்து போடுவார். சாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் அவருக்கே களைப்பாகிவிடும். அவருக்கு வர வேண்டிய பேச்சையும் சேர்த்து பீவியம்மாவே பேசித் தீர்க்கிறார் என்று பஜாரில் சொல்வார்கள். நான் தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளிக் கட்டடத்தின் வாசலுக்கு நேர் கீழே, நாலு பலகை அடித்த கடை. மலைவாழை, ப்ளம்ஸ், பேரிக்காய். முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்தால், நிறுத்துக் கொடுக்க எழுந்து நிற்பதைத் தவிர, பொழுது சாயும் வரை பீவியம்மா இடத்தை விட்டு நகர மாட்டார்.

பஸ் டிரைவர் செல்லப்பாண்டியின் தாயார் இறந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். காரியம் முடிந்து, மீசையை மழித்துக்கொண்டு வேலைக்கு வந்தான். ஸ்டாண்டில் எல்லோரும் அவனிடம் கிசுகிசுவென்று பேசினார்கள். அவன் எல்லோரையும் விலகி விலகிப் போனான். மூன்று நாளாகச் சோறும் இறங்கவில்லை. பீவியம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏலே செல்லப்பாண்டி, மீசையை எடுத்தா நீ இம்புட்டு அசிங்கமா இருப்பேன்னு தெரியாமப் போச்சே!" என்றார். பஜாரே திகைத்துப் போயிற்று. அவன் கத்தினான் பாருங்கள், பத்து நிமிஷம்! கத்தி முடித்து, அங்கேயே சாக்கில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். அப்புறம் இரண்டு பழம் தின்றுவிட்டு வண்டியை எடுத்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். என் பெயர் திருமலைச்சாமி. பழனிக்காரன். வித்வான் பட்டம் வாங்கியவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், வெள்ளைக்கார மிஷன்காரர்கள் சீசனில் நடத்திய ஒரு சின்னப் பாஷைப் பள்ளியில் நான் முன்ஷி, அதாவது தமிழ் வாத்தியார். வெளிநாட்டிலிருந்து வரும் டாக்டர்கள், நர்சுகள், போதகர்கள் மூன்று மாதம் மலையில் தங்கித் தமிழ் படிப்பார்கள். பரீட்சையில் தேறினால் கீழே ஊர்களுக்கு வேலைக்கு அனுப்புவார்கள்.

நான் சுத்தமான தமிழ்தான் சொல்லிக்கொடுப்பேன். எதற்கெடுத்தாலும் "தயவுசெய்து", "மன்னிக்க வேண்டும்" என்று ஆரம்பிக்கப் பழக்கியிருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. பஜாரில் என் மாணவிகளுக்கு "மன்னிக்கணும் தொரசாணி" என்று பெயர் வைத்திருந்தது எனக்கு மட்டும் தெரியாது. போன வருஷம் தேறிப் போன இரண்டு பேர் பேசுவது நோயாளிகளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை என்று கீழேயிருந்து கடிதம் வந்துவிட்டது. மேலதிகாரி துரை என்னைக் கூப்பிட்டு, இந்த முறையும் இப்படி ஆனால் மதுரையிலிருந்து வேறு முன்ஷியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்த சீசனில் என் கையில் கிடைத்தவர் எல்சா என்ற நர்ஸ். முப்பது வயதிருக்கும். ஏற்கெனவே ஒரு தரம் பரீட்சையில் தவறியவர். இன்னொரு தரம் தவறினால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அம்மாளோ வேலையை விட்டுப் போக மாட்டேன் என்று கண்ணீர் விடுகிறார். படிப்பில் குறைச்சலே இல்லை. எழுதச் சொன்னால் மணி மணியாக எழுதுவார். எதிரில் ஒரு தமிழாள் நின்றுவிட்டால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். "மன்னிக்க வேண்டும்" ஒன்றுதான் வரும். ஆக, எல்சா தேறினால் அவருக்கும் வேலை, எனக்கும் வேலை. தவறினால் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒரு நாள் எல்சா தம் வைத்திய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் 'அக்ரவேட்' என்று ஒரு சொல். சிகிச்சை தவறினால் நோய் அதிகமாவதற்கும் அதுதானாம், ஒருவர் இன்னொருவரை எரிச்சல்படுத்துவதற்கும் அதுதானாம். தமிழில் என்ன என்று கேட்டார். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நிகண்டையெல்லாம் புரட்டி ஒன்பது சொல் எழுதிக் கொடுத்தேன். சினமூட்டுதல், வெகுள்வித்தல், இடுக்கண் செய்தல், நோய் மிகுவித்தல் என்று போகும் அந்தப் பட்டியல். எல்சா ஒரே ராத்திரியில் ஒன்பதையும் மனப்பாடம் செய்துவிட்டார்.

மறுநாள் காலை பழம் வாங்கப் போயிருக்கிறார். பீவியம்மா சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டியிருக்கிறார். பீவியம்மாவுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. "என்ன தொரசாணி, கொறைச்சுக் கேட்க மாட்டீங்களா? நான் என்ன தபால் ஆபீசா நடத்துறேன்?" என்று பிடித்துக்கொண்டார். குல்லாய், குடை, நடை ஒன்றையும் விடவில்லை. எல்சா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைகூப்பிச் சொன்னாராம்: "அம்மையே, தாங்கள் எம்மைச் சினமூட்டுகின்றீர்கள். மன்னிக்க வேண்டும்."

பஜார் ஒரு வாரம் சிரித்தது. கசாப்புக் கடையில்கூட ஒருவரையொருவர் "அம்மையே" என்றார்கள். நான் அந்தப் பக்கம் போனபோது பீவியம்மா நிறுத்தினார்.

"வாத்தியாரய்யா, இங்க வாங்க. இது எந்த ஊருத் தமிழு?"

"இலக்கணத் தமிழ்" என்றேன் விறைப்பாக.

"இருக்கட்டும், இருக்கட்டும். சினமூட்டுனா எப்படி இருக்கும்? ஒருக்கா ஊட்டிக் காட்டுங்க, பார்ப்போம்."

"எனக்கு வேலை இருக்கிறது."

"ஒரு நிமிசம். நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போங்க. கோட்டு புதுசா இருக்கே? இது சீண்டுறது. சும்மா போறவரைத் தொட்டுப் பாக்குறது. யாரு வாங்கிக் குடுத்தா, மாமனாரா? இது நோண்டுறது. மூடி வச்சிருக்கதைத் திறந்து பாக்குறது. போன வருசம் இதே கோட்டைத்தானே உங்க சகலை போட்டுக்கிட்டு ஏரிக்கரையில நின்னாரு? இது குத்திக்காட்டுறது."

கோட்டு என் சகலையுடையதுதான். இந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் பீவியம்மா, அந்தப் பக்கம் பேசாமல் டீ குடித்துக்கொண்டிருந்த செல்லப்பாண்டியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா செல்லப்பாண்டி, அய்யா கோட்டைப் பார்த்து நீ இப்படிச் சிரிக்கலாமா? அவரு மனசு என்ன பாடுபடும்?"

சத்தியமாக அவன் அதுவரை சிரிக்கவில்லை. இதைக் கேட்டதும் டீ புரையேறிச் சிரித்தான். நான் அவன்மேல் பாய்ந்தேன். "டிரைவருக்கு இவ்வளவு திமிரா!" என்று நான் குதிக்க, பீவியம்மா பழத்தை அடுக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "இது ஏத்தி விடுறது. இனிமே நான் பேச வேண்டியதில்ல, தானா நடக்கும்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தும் ஆறவில்லை. இனிமேல் அந்தக் கடைப் பக்கமே போகக் கூடாது, பஜார்த் தமிழ் ஒட்டிக்கொண்டால் தேய்த்தாலும் போகாது என்று எல்சாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "மன்னிக்க வேண்டும், ஐயா" என்று தலையாட்டினார். ஆனால் தினமும் பாடத்துக்கு வரும்போது அவர் பையில் ப்ளம்ஸ் வாசனை அடித்தது. அவருடைய நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நச்சரிக்கிறது, குடையுறது, உசுரை வாங்குறது, வம்புக்கு இழுக்கிறது என்று வரிசையாக எழுதியிருந்ததையும் பார்த்தேன். பார்த்தும் பாராதவன் மாதிரி இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், வீட்டுக்குப் போய் நானும் அவற்றை எழுதி வைத்துக்கொண்டேன்.

வைகாசியில் பரீட்சை வந்தது. பெரியகுளத்திலிருந்து நாச்சிமுத்துப் பண்டிதர் பரீட்சை வைக்க வந்தார். கடுவன் பூனை முகம். வாசிப்பு, எழுத்து எல்லாம் முடிந்து கடைசியில் பேச்சு. ஓர் உள்ளூர் ஆளை நோயாளியாக உட்கார வைப்பார்கள். நர்ஸ் அவரிடம் கேள்வி கேட்டு நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு நான் ஒரு திருட்டு வேலை செய்து வைத்திருந்தேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தோட்டக்கார மணியனுக்கு வயிற்றுவலி என்று வைத்து, எல்சா கேட்க வேண்டிய பத்துக் கேள்வியும் அவன் சொல்ல வேண்டிய பத்துப் பதிலும் எழுதி, இரண்டு பேருக்கும் உருப்போட வைத்திருந்தேன்.

மணியன் முதல் நாளே மச்சினன் வீட்டு விசேஷம் என்று வடகவுஞ்சிக்குப் போயிருந்தான். காலையில் வெள்ளனே வந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவன், பெருமாள்மலைக்கு மேலே ரோட்டில் மரம் விழுந்து பஸ்ஸோடு நின்றுவிட்டான். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. பண்டிதர் பியூன் வேலப்பனைக் கூப்பிட்டார்.

"வெளியே போய் யாராவது ஓர் ஆளை வெரசாக் கூட்டி வா."

வேலப்பன் ஜன்னலுக்குக் கீழே எட்டிப் பார்த்தான். எனக்கு அப்போதே பாதி உயிர் போய்விட்டது. கையைக் காட்டித் தடுப்பதற்குள் அவன் இறங்கிவிட்டான். ரஹ்மத் பீவி ஆடி அசைந்து, ஒவ்வொரு படியிலும் நின்று, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஏறி வந்தார். என்னைக் கடுப்படிக்கத்தான் வேண்டுமென்றே இத்தனை நிதானம் என்று பல்லைக் கடித்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "அட, வாத்தியாரய்யா! கோட்டை எங்க? சகலை கேட்டு வாங்கிட்டாரா?" என்றார். பண்டிதர் மேஜையைத் தட்டினார்.

எல்சா எழுந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. உருப்போட்ட முதல் கேள்வி வந்தது.

"மன்னிக்க வேண்டும். தங்களுக்கு என்ன நோவு?"

"நோவா? எனக்கென்ன நோவு? உங்க மொகந்தான் சுண்டிக் கெடக்கு. காலையில சாப்பிட்டீங்களா?"

"வயிற்றில் எந்தப் பக்கம் வலிக்கிறது?"

"வயிறு வலிக்குதுன்னு நான் எப்பச் சொன்னேன்? பாத்தீங்களா பண்டிதரய்யா, இல்லாத வலியை எனக்கு ஒட்ட வைக்கிறாங்க!"

"வலி எத்தனை நாட்களாக இருக்கிறது?"

"இந்தத் தொரசாணியைப் பாத்த நாள்லருந்து."

பண்டிதர் தாளில் ஏதோ குறித்தார். அது நல்லதாக இருக்க முடியாது. மூன்று கேள்விக்கும் பதில் ஒத்து வராததால் எல்சாவுக்கு நாலாவது கேள்வி மறந்தே போய்விட்டது. மதுரைக்காரன் ஒருவன் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றிவிட்டது.

அப்போது எல்சா தலையைத் தாழ்த்தினார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பார்வை பீவியம்மாவின் காலில் இருந்தது. இடது கால் மட்டும் மடங்காமல் நீண்டு நின்றது. பாதத்தில் பழைய துணி சுற்றி, அதன்மேல் சேலைக் கரையை இழுத்து விட்டிருந்தார் பீவியம்மா.

"காலில் என்ன?"

"அதுவா? கொசுக் கடி."

"காட்டுங்கள்."

"நல்லா இருக்கே! பண்டிதரய்யா முன்னால ஒரு பொம்பளை காலைக் காட்டுவாளா? மன்னிக்கணும் தொரசாணி, வேற கேள்வி கேளுங்க. குல்லாய் எங்க வாங்குனீங்கன்னு நான் கேக்கட்டுமா? போன வாரம் வேற குல்லாய்தானே போட்டிருந்தீங்க..."

எல்சாவின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறிற்று. காது வரை போயிற்று.

"போதும்! சும்மா நோண்டாதீங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். ஜன்னலில் இருந்த காக்கை பறந்தது. "கேட்டதுக்குப் பதில் சொல்லாம என்னை என்ன பாடுபடுத்துறீங்க! கொசு கடிச்சா இம்புட்டுத் துணி எதுக்கு? குல்லாயைப் பத்திப் பேசி என்னை ஏமாத்தப் பாக்குறீங்களா? வாயை மூடுங்க. காலை நீட்டுங்க!"

பீவியம்மா வாயை மூடினார். கண்ணால் கண்ட நானே நம்பவில்லை. மாமனார், டிரைவர், வித்வான் ஒருவராலும் மூட முடியாத வாய் அது. மெதுவாகக் காலை நீட்டினார். எல்சா தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து துணியைப் பிரித்தார். உள்ளே சீழ் கோத்து, பாதம் வீங்கிக் கருத்திருந்தது. நாற்றம் எனக்கே எட்டியது.

"எப்ப குத்துச்சு?"

"மாசியில. பழப்பெட்டி ஆணி."

"மாசியா? இப்ப வைகாசி! மஞ்சளை அப்பி அப்பி முத்த விட்டுட்டீங்களே! ஆஸ்பத்திரிக்கு ஏன் போகல?"

பீவியம்மா தரையைப் பார்த்தார். "போனா காலை எடுத்துருவாங்கன்னு பயம். எங்க வீட்டு ஆளுக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சா அந்த மனுசன் சோறு திங்க மாட்டாரு."

மூன்று மாதம். தினமும் அந்தச் சாக்குக்கு முன்னால் நின்று எரிச்சல்பட்டிருக்கிறேன். அந்த அம்மா ஏன் இப்போதெல்லாம் எழுந்து நின்று நிறுப்பதில்லை என்று ஒரு நாள் கேட்டேனா? கோட்டைப் பற்றிப் பேசியது ஒன்றுதான் என் மனசில் நின்றது. எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

பண்டிதர் தொண்டையைக் கனைத்தார். "மிஸ் எல்சா, அடுத்த கேள்விக்கு..."

"சும்மா இருங்க ஐயா, இங்க சோலி கெடக்கு" என்றார் எல்சா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "வேலப்பா, வெந்நீர் கொண்டா. வெரசா!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி ஒளிந்துகொள்ள இடமில்லை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

வெந்நீர் வந்தது. எல்சா கழுவினார், திட்டினார், மறுபடி கழுவினார். "காலை யாரும் எடுக்க மாட்டாங்க, நான் விட மாட்டேன். ஆனா தினமும் வெள்ளனே இங்க வரணும். வரலைன்னா நானே கடைக்கு வந்து நச்சரிப்பேன், பஜார் பூராச் சிரிக்கும், பாத்துக்கோங்க" என்றார். பீவியம்மா தலையாட்டினார். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கட்டுப் போட்டு முடியும் வரை பண்டிதரும் பேனாவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "இதுதான் நீர் சொல்லிக்கொடுத்த தமிழா?"

"இல்லைங்க" என்றேன். முதல் முறையாக உண்மையைச் சொன்னேன். "மணியன் வந்திருந்தால் என் தமிழைக் கேட்டிருப்பீர்கள். இது இந்த அம்மா சொல்லிக்கொடுத்தது."

அவர் தாளைப் பார்த்தார். "இலக்கணம் இல்லை. மரியாதை இல்லை. பரீட்சகரையே சும்மா இருக்கச் சொல்லியாயிற்று." பெருமூச்சு விட்டார். "கடைசிக் கட்டத்தில் ஒரே கேள்விதான் மிச்சம். அதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும். ஆம் என்றால் தேர்ச்சி, இல்லை என்றால் இல்லை." பீவியம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, இந்த நர்சம்மா பேசினது உனக்குப் புரிந்ததா?"

பீவியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலைக் காட்டினார்.

"கட்டின புருசனுக்குக் காட்டாத காலு. புரியாமலா அய்யா நீட்டுனேன்?"